கிளேர் கோட்டை யாருடையது? இடைக்கால இங்கிலாந்தின் ஒரு சீமாட்டியின் கல்யாணங்களையும் சொத்தையும் தேடிப் படிக்கும் முறை

இங்கிலாந்தில் சஃபோக்கின் தெற்கு ஓரத்தில், ஸ்டௌர் ஆற்றங்கரையில், கிளேர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நான் வசிக்கும் ஹேவரிலிலிருந்து காரில் கால் மணி நேரம். அங்கே செங்குத்தான ஒரு மண்மேடு, அதன் உச்சியில் உடைந்த கல்சுவரின் ஒரு துண்டு. கீழே கோட்டை முற்றத்துக்குள்ளேயே ஒரு பழைய ரயில் நிலையம். 1967இல் ரயில் நின்றுபோய், இப்போது எல்லாம் சேர்ந்து பூங்கா. என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்த மேட்டில் ஏறி நின்று, "அம்மா, இது யாரோட வீடு?" என்று கேட்டாள். ராஜா வீடாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, 14ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்தக் கோட்டை ஒரு பெண்ணுடையது. பெயர் எலிசபெத் டி கிளேர். 27 வயது நிறைவதற்குள் மூன்று கணவர்களை இழந்தவர். கேம்பிரிட்ஜில் இன்றும் நடக்கிற கிளேர் கல்லூரிக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர். மருந்துக் கடை வேலை முடிந்து வந்து, இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இவருடைய நிலங்கள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்று தேட ஆரம்பித்தேன். நான்கு வருடமாகிறது. வரலாற்றுப் படிப்பு எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. இதே மாதிரி வேறு ஒரு சீமாட்டியைத் தேட நினைப்பவர்களுக்காக அந்த வழியை எலிசபெத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

ஒரு நோட்டு, மூன்று பேனா

பெரும்பாலானவர்கள் கணவர்களை வரிசையாக எழுதிக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. கணவர்களை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டே கேள்வி: இது அவர் கைக்கு எந்த வழியாக வந்தது? எத்தனை காலத்துக்கு வந்தது?

வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, பிறப்பால் வருவது. அப்பா, அம்மா, சகோதரர் வழியாக வாரிசாக வந்த நிலம். இதற்கு நான் சிவப்புப் பேனா. இரண்டாவது, கணவர் இறந்தபின் வருவது. கணவர் கல்யாணத்துக்குப் பிறகு எப்போதாவது தன் பெயரில் வைத்திருந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அந்தப் பெண்ணின் ஆயுள் வரைக்கும். இதற்குப் பச்சை. மூன்றாவது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுதி வைத்தது. ஒருவர் போனால் மற்றவர் முழுவதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இதற்கு நீலம்.

நிறத்துக்கு நிறம் ஆயுள் வேறு. சிவப்பு நிலம் கடைசியில் அந்தப் பெண்ணின் ரத்த வாரிசுக்குத்தான் போகும். எத்தனை கணவர்கள் வந்து போனாலும் அது அவருடையதே. பச்சை நிலம் அவர் மூச்சு நின்ற அன்றே கணவரின் வாரிசுக்குத் திரும்பிவிடும். நீலம் எப்படிப் போகும் என்பதை அந்தப் பத்திரத்தின் வாசகம்தான் சொல்லும். நோட்டில் ஊர் பெயரை எழுதும்போதே நிறத்தைத் தேர்ந்துவிட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பச்சைப் பங்கைப் பற்றித் தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்கான ஆங்கிலச் சொல்லும் (dower) வரதட்சணைக்கான ஆங்கிலச் சொல்லும் (dowry) காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொருளோ நேர் எதிர். வரதட்சணை பெண் வீட்டிலிருந்து போவது. இது கணவர் சொத்திலிருந்து விதவைக்கு வருவது. நான் இதை 'விதவைப் பங்கு' என்றே எழுதுகிறேன். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு மக்னா கார்ட்டா பத்திரத்தின் 7ஆம் பிரிவே இதைப் பற்றியதுதான். கணவர் இறந்தபின் 40 நாள் அவருடைய வீட்டில் மனைவி இருக்கலாம், அதற்குள் அவர் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 8ஆம் பிரிவு, எந்த விதவையையும் மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதோடு கூடவே, மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவராக இருந்தால் மன்னர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்யமாட்டேன் என்று உறுதி தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை மறக்காதீர்கள். எலிசபெத்தின் கதையே அதில்தான் இருக்கிறது.

பெயர் யாருடையது என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள்

என்னுடைய முதல் மூன்று வாரம் இதில் வீணாயிற்று. ஆவணங்களில் இவர் பெரும்பாலும் 'எலிசபெத் டி பர்க்' என்றுதான் வருகிறார். முதல் கணவர் ஜான் டி பர்க், அயர்லாந்தில் அல்ஸ்டர் பிரபுவின் வாரிசான மகன். மூன்று கணவர்களில் அந்தக் குடும்பம்தான் உயர்ந்தது. அதனால் மற்ற இரண்டு கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கிளேர் கல்லூரியின் சின்னத்தைப் பாருங்கள்: ஒரு பாதி கிளேர் குடும்பத்தின் சின்னம், மறுபாதி டி பர்க் குடும்பத்தின் சின்னம், சுற்றிலும் கறுப்பு விளிம்பில் கண்ணீர்த் துளிகள்.

ஆனால் இந்த ஜானுக்கு ஒரு சகோதரி உண்டு. அவர் பெயரும் எலிசபெத் டி பர்க். அவர் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவி. அப்புறம், நம் எலிசபெத்தின் பேத்தியும் எலிசபெத் டி பர்க். மூன்று பேர், ஒரே பெயர், ஒரே காலகட்டம். ஸ்காட்லாந்து அரசியின் தேதிகளை நான் நம் எலிசபெத்தின் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். அழித்து எழுத நேர்ந்தது.

இன்னொரு கண்ணி: லத்தீன் ஆவணங்களில் எலிசபெத், இசபெல்லா என்ற பெயர்கள் ஒன்றுக்கு மற்றொன்றாக வருவதுண்டு. நம் எலிசபெத்துக்கு அப்பாவின் முதல் தாரத்து மகள் ஒருவர் அக்கா முறை. அவர் பெயர் இசபெல். ஆகவே ஒரு பெயரைக் கண்டதும் யார் மகள், யார் மனைவி, எந்த ஊர் நிலம் என்று மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் நோட்டில் ஏற்றுங்கள்.

தாயிலிருந்து தொடங்குங்கள்

இது நான் தற்செயலாகக் கற்றது. ஒரு பெண்ணின் சொத்தைப் புரிந்துகொள்ள அவருடைய கல்யாணப் பத்திரத்தைவிட அவர் தாயின் கல்யாணப் பத்திரம் முக்கியம்.

எலிசபெத்தின் அப்பா கில்பர்ட் டி கிளேர், குளோஸ்டர், ஹெர்ட்ஃபோர்ட் இரண்டுக்கும் பிரபு. தலைமுடி நிறத்தால் 'சிவப்புப் பிரபு' என்று பெயர். 1290இல் அவர் மன்னர் முதலாம் எட்வர்டின் மகள் ஜோனை மணந்தார். பாலஸ்தீனத்தில் ஏக்கர் நகரில் பிறந்ததால் அவரை ஜோன் ஆஃப் ஏக்கர் என்பார்கள். அந்தக் கல்யாணத்துக்காகக் கில்பர்ட் தன் நிலம் முழுவதையும் மாமனாரான மன்னரிடம் ஒப்படைத்தார். மன்னர் அதைத் திருப்பித் தந்தபோது கணவன் மனைவி இருவர் பெயரிலும் தந்தார். இருவருக்கும் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் அடுத்த உரிமை. முதல் தாரத்து மகள்களுக்குக் கதவு அன்றே அடைபட்டது.

என் நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க நீலம். ஏன் இது பெரிது? 1295 செப்டம்பர் 16இல் எலிசபெத் பிறக்கிறார். அதே ஆண்டு டிசம்பர் 7இல் அப்பா இறக்கிறார். சாதாரண முறையில் என்ன நடந்திருக்கும்? ஜோனுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு, சிறுவனான மகன் வயதுக்கு வரும்வரை மன்னரின் காவலில். ஆனால் கூட்டுரிமையால் முழு நிலமும் ஜோன் கையிலேயே நின்றது. 1297இல் அவர் அப்பாவுக்குத் தெரியாமல் ரால்ஃப் டி மான்தெர்மர் என்ற வீரரை மணந்துகொண்டார். மன்னர் கோபத்தில் ரால்ஃபைச் சிறையில் போட்டார், பின்பு விட்டுவிட்டார். ஜோன் உயிரோடு இருந்தவரை அந்த வீரருக்கு குளோஸ்டர் பிரபு என்ற பட்டமும் இருந்தது. 1307இல் ஜோன் இறந்த பிறகே எலிசபெத்தின் அண்ணன் இளைய கில்பர்ட் நிலத்துக்கு வர முடிந்தது. ஜோன் அடக்கமானது கிளேர் ஊரின் அகஸ்டீனியத் துறவியர் மடத்தில்தான். கோட்டை மேட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் ஐந்து நிமிட நடை. நான் அங்கே போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்பேன்.

யார் வாரிசு? நான்கு விதிகள் போதும்

மகன் இருந்தால் மூத்த மகனுக்கே எல்லாம். மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் எல்லா மகளுக்கும் சமபங்கு; இதில் மூத்தவர் இளையவர் வேறுபாடு இல்லை. பிள்ளையே இல்லாமல் இறந்தால் உடன்பிறந்தவர்களுக்கு, அதே முறையில். இறந்துபோன மகனுக்குப் பிள்ளை இருந்தால், பேத்தியானாலும் சரி, அவர் தன் அப்பாவின் இடத்தில் நிற்பார். உயிரோடு இருக்கும் அத்தைகளுக்கு முன்னால் அவருக்குத்தான் உரிமை. இந்த நான்காவது விதியைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இளைய கில்பர்ட் 1314 ஜூன் 24இல் ஸ்காட்லாந்தில் நடந்த பேனக்பர்ன் போரில் இறந்தார். வயது 23. பிள்ளை இல்லை. ஆகவே மூன்று சகோதரிகள்: எலனோர், மார்கரெட், எலிசபெத். ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு வருமானம் தரும் நிலம். எலிசபெத் அப்போது அயர்லாந்தில், 18 வயது விதவை. ஜான் டி பர்க் 1313இல் இறந்திருந்தார். கையில் வில்லியம் என்று ஒரு மகன், வயது இரண்டுகூட ஆகவில்லை. ஒரே நாளில் இங்கிலாந்தின் பெரிய பணக்காரப் பெண்களில் ஒருவராகிவிட்டார். அதாவது எல்லோரும் பிடிக்க நினைக்கும் ஒருவராகிவிட்டார்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கில்பர்ட்டின் விதவை மாட் உயிரோடு இருக்கிறார். சட்டப்படி அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டை மூன்று சகோதரிகள் பிரித்தால், ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. மாட் இறந்ததும் அவர் பங்கு மூன்றாகப் பிரிந்து, ஆளுக்கு இன்னும் ஒன்பதில் ஒன்று சேரும். ஆக, ஒரே சகோதரியின் பங்கு இரண்டு தவணையில் வருகிறது. பங்கீடு நடந்தது 1317 நவம்பரில். மாட் இறந்தது 1320இல். ஓர் ஊர் ஏன் முதல் பட்டியலில் இல்லை என்று திகைக்கும்போது, விதவை யாராவது அதை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அதுதான் காரணமாக எனக்கு அமைந்திருக்கிறது.

பங்கீட்டுக்கு ஏன் மூன்று வருடத்துக்கும் மேல் ஆயிற்று? மாட் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். குழந்தை பிறந்தால் அதுவே ஒரே வாரிசு. சகோதரிகளுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். மாதங்கள் ஓடி, இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகியும் அந்தக் கர்ப்பத்தை வைத்தே பங்கீடு தள்ளிப்போனது. பொறுமை இழந்த எலனோரின் கணவர் ஹியூ டெஸ்பென்சர் 1315இல் கென்டில் உள்ள டன்பிரிட்ஜ் கோட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். தாமதம் மன்னர் இரண்டாம் எட்வர்டுக்கு வசதியாக இருந்தது. அந்தக் காலம் முழுக்க நிலம் அவர் கையில். அந்த விதவையை நான் குறை சொல்லமாட்டேன். கணவரை இழந்த ஒரு பெண்ணைச் சுற்றி எத்தனை பேருடைய ஆசை நின்றது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எந்த ஆவணத்தில் என்ன கிடைக்கும்

மூல ஆவணங்கள் லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லத்தீன், சுருக்கெழுத்து, தோல். பயப்பட வேண்டாம். நூறு வருடத்துக்கு முன்பே பெரும்பகுதியை ஆங்கிலச் சுருக்கமாக அச்சிட்டுவிட்டார்கள். 'காலண்டர்' என்று பெயர். நாள்காட்டி அல்ல, ஆவணச் சுருக்கத் தொகுதி. பழைய அச்சு என்பதால் பலவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் எடுக்க வேண்டியது இறப்புக்குப் பிந்தைய விசாரணை. மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்சீட்டர் என்ற அதிகாரிக்கு ஒரு ரிட், அதாவது மன்னரின் எழுத்தாணை, போகும். அவர் மாவட்டம் மாவட்டமாக உள்ளூர்க்காரர்களை ஜூரியாக உட்காரவைத்து விசாரிப்பார். இறந்தவர் எந்த நிலம் வைத்திருந்தார், யாரிடமிருந்து, என்ன சேவைக்கு, ஆண்டு மதிப்பு என்ன, எந்த நாளில் இறந்தார், வாரிசு யார், வயது என்ன. அவ்வளவும் ஒரே இடத்தில். கில்பர்ட்டுடையது இந்தக் காலண்டரின் ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது, எலிசபெத்துடையது பத்தாம் தொகுதியில்.

இதைப் படிக்கும்போது மூன்று விஷயத்தில் கவனம். ஒரு மாவட்ட ஜூரி சொல்வதும் இன்னொரு மாவட்ட ஜூரி சொல்வதும் ஒத்துப்போகாது. வாரிசின் வயது மட்டுமல்ல, சில சமயம் பெயரே மாறும். எல்லா மாவட்டத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்து, '21 வயதும் அதற்கு மேலும்' என்று இருந்தால், வயது வந்தவர் என்று மட்டுமே பொருள். அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். மூன்றாவது, நில மதிப்பைக் குறைத்தே சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சொத்தை அரசாங்கத்திடம் கூட்டிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

பங்கீடு, விதவைப் பங்கு ஒதுக்கீடு, நிலத்தை ஒப்படைக்கும் ஆணை எல்லாம் 'குளோஸ் ரோல்ஸ்' என்ற வரிசையில். நிலத்தைக் கைப்பற்றச் சொல்லும் ஆணை, மன்னருக்குக் கட்டிய தொகை 'ஃபைன் ரோல்ஸ்' வரிசையில். கல்யாண அனுமதி, அனுமதியில்லாமல் மணந்ததற்கு மன்னிப்பு, சிறுவர் சிறுமியரின் காவலுரிமையை யாருக்குக் கொடுத்தார்கள் என்பது 'பேட்டன்ட் ரோல்ஸ்' வரிசையில். ஒரு சீமாட்டியைத் தேடும்போது கணவர் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை இந்த மூன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பின்னிணைப்பின் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பினால் பாதி தவறும். பெயர் எழுதும் விதம் ஊருக்கு ஊர் மாறும்.

தேதியைப் பற்றி. ஆவணம் ஆட்சி ஆண்டைத்தான் சொல்லும். இரண்டாம் எட்வர்டின் ஆண்டு ஜூலை 8இல் தொடங்கும். ஆகவே 'எட்டாம் ஆட்சி ஆண்டு' என்றால் 1314 ஜூலை 8 முதல் 1315 ஜூலை 7 வரை. ஜூனில் நடந்த பேனக்பர்ன் ஏழாம் ஆண்டு. நாளைச் சொல்லப் பெரும்பாலும் திருநாளைச் சொல்வார்கள். 'மைக்கேல்மஸுக்கு முந்திய ஞாயிறு' என்றால் செப்டம்பர் 29ஐப் பிடித்துப் பின்னால் எண்ண வேண்டும். அதோடு, அவர்களுடைய புத்தாண்டு மார்ச் 25. நாம் 1316 பிப்ரவரி என்பது அவர்களுக்கு 1315தான். பணம்: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 'மார்க்' என்று வந்தால் 13 ஷில்லிங் 4 பென்ஸ், பவுண்டில் மூன்றில் இரண்டு. அது நாணயமல்ல, கணக்குக்கான அலகு.

கல்யாணத்தை எப்படிப் படிப்பது

எலிசபெத்தின் முதல் கல்யாணம் 1308 செப்டம்பர் இறுதியில் எசெக்ஸ் வால்தம் மடத்தில். வயது 13. அதே சமயத்தில் அங்கேயே அண்ணன் கில்பர்ட்டுக்கும், முன்பு சொன்ன மாட் என்பவருக்கும் கல்யாணம்; அவர் ஜானின் சகோதரி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். இப்படி இரட்டைக் கல்யாணத்தைக் கண்டால் இரண்டு குடும்பங்களின் நிலத்தையும் சேர்த்தே வரைபடத்தில் குறியுங்கள்.

இந்தக் கல்யாணத்தில் பச்சைப் பங்கு ஏறக்குறைய இல்லை. காரணம் எளிது. ஜான் இறந்தபோது அவருடைய அப்பா, அல்ஸ்டர் பிரபு, உயிரோடு இருந்தார். 1326 வரை இருந்தார். ஜான் ஒருநாளும் அல்ஸ்டரை வைத்திருக்கவில்லை. இல்லாத நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்படி வரும்? அயர்லாந்தில் எலிசபெத்துக்குக் கிடைத்தது கல்யாணத்தின்போது இருவர் பெயரில் எழுதிய கூட்டுரிமை நிலம். ஆக, கணவர் இறந்த தேதியை மாமனார் இறந்த தேதியோடு எப்போதும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது கல்யாணம் 1316 பிப்ரவரி 4. மன்னர் எலிசபெத்தை அயர்லாந்திலிருந்து வரவழைத்து பிரிஸ்டல் கோட்டையில் தங்கவைத்திருந்தார். அயர்லாந்தில் மன்னரின் தலைமை அதிகாரியாக இருந்த தியோபால்ட் டி வெர்டன் அவரை அங்கிருந்து கொண்டுபோய் மணந்துகொண்டார். லிங்கன் நாடாளுமன்றத்தில் விசாரித்தபோது, அயர்லாந்திலேயே எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது, அவர் தானாகவே வெளியே வந்தார் என்றார். இங்கே நிதானமாகப் படியுங்கள். 'கடத்தல்' என்று ஆவணம் சொன்னால், அது மன்னரின் உரிமை பறிபோனதைத்தான் முதலில் சொல்கிறது. அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்டு எழுதவில்லை. விரும்பிப் போனாரா, இழுத்துப் போனார்களா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

தியோபால்ட் அதே ஆண்டு ஜூலை 27இல் இறந்தார். ஆறு மாதக் கல்யாணம். 1317 மார்ச்சில் ஏம்ஸ்பரி கன்னியர் மடத்தில் எலிசபெத்துக்கு ஒரு மகள் பிறந்தாள், பெயர் இசபெல்லா. தியோபால்டுக்கு முதல் தாரத்தில் மூன்று மகள்கள். ஆகவே வெர்டன் நிலத்தில் இந்தக் குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு. அப்பா முகமே பார்க்காத குழந்தைக்கும் சமபங்கு. எலிசபெத்துக்கு விதவைப் பங்கு, பச்சை. ஆறு மாதக் கல்யாணத்துக்கு 44 ஆண்டு வருமானம், ஏனென்றால் அவர் 1360 வரை வாழ்ந்தார்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மாமா முறையான இரண்டாம் எட்வர்ட், தன் செல்லப்பிள்ளை ரோஜர் டாமரியை மணக்கச் சொல்லிக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். பிரசவமாகிச் சில வாரத்தில் கல்யாணம். மார்கரெட்டை ஹியூ ஆட்லி என்ற இன்னொரு செல்லப்பிள்ளைக்குக் கட்டிவைத்ததும் அதே 1317இல். அதன் பிறகே பங்கீடு. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மன்னர் தன் ஆட்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார், அப்புறம் நிலத்தைப் பிரித்தார். தேதிகளை அடுத்தடுத்து எழுதினால்தான் இது கண்ணில் படும்.

கல்யாணம் நடப்பில் இருக்கும்போது சிவப்பு நிலமும் கணவர் கையில்தான். ஆவணத்தில் 'ரோஜர் டாமரியும் அவர் மனைவி எலிசபெத்தும்' என்று வரும். மனைவிக்குக் குழந்தை பிறந்து அழுகுரல் கேட்டுவிட்டால், மனைவி இறந்த பிறகும் கணவர் தன் ஆயுள் வரை அந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். குழந்தை பிழைக்காவிட்டாலும்கூட. விதவைக்கு மூன்றில் ஒன்று, மனைவியை இழந்தவருக்கு முழுவதும். சட்டம் அப்படித்தான் இருந்தது.

கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இருந்ததா?

டாமரி மன்னருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து, 1322 மார்ச்சில் டட்பரியில் இறந்தார். துரோகி என்று தீர்ப்பு. எலிசபெத்தை வேல்ஸில் அஸ்க் கோட்டையில் பிடித்துப் பிள்ளைகளோடு பார்க்கிங் மடத்தில் அடைத்தார்கள். துரோகியின் நிலத்தில் விதவைக்குப் பங்கு கிடையாது. ஆனால் அவருடைய சொந்தப் பிறப்புரிமை அதில் சேராது. அந்த ஆண்டு நவம்பரில் அது திரும்பிவந்தது. சிவப்பு, பச்சை வேறுபாடு ஓர் உயிரை எப்படிக் காப்பாற்றும் என்று இங்கே தெரியும்.

அப்போதும் எலனோரின் கணவர் டெஸ்பென்சர் விடவில்லை; அவர் இப்போது மன்னரின் செல்லப்பிள்ளை. அவருக்குத் தெற்கு வேல்ஸ் முழுவதும் வேண்டும். கிளாமர்கன் ஏற்கெனவே எலனோர் வழியாக அவரிடம். எலிசபெத்தின் அஸ்க் சீமையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு கௌவர் சீமையைக் கொடுப்பதாக ஒரு பரிமாற்றப் பத்திரம். 1322 கிறிஸ்துமஸுக்கு எலிசபெத்தை யார்க்குக்கு வரவழைத்து, அவருடைய ஆலோசகர்களைப் பிரித்துவைத்து, ஒப்பாவிட்டால் மன்னரிடமிருந்து ஒரு நிலமும் கிடைக்காது என்று மிரட்டினார்கள். பிறகு வில்லியம் டி பிரேயோஸ் என்பவர் கௌவர் தன்னுடையது என்று வழக்குப் போட்டு வென்று, அதை டெஸ்பென்சர் குடும்பத்துக்கே கைமாற்றினார். அஸ்க்கும் போனது, கௌவரும் போனது.

ஆவணத் தொகுப்பில் அந்தப் பரிமாற்றம் ஒழுங்கான வியாபாரமாகத்தான் தெரியும். அதை மட்டும் படித்திருந்தால் நானும் அப்படியே எழுதியிருப்பேன். ஆனால் 1326 மே மாதம் எலிசபெத் கிளேரில் சாட்சிகள் முன்னிலையில் ரகசியமாக ஓர் எதிர்ப்பு வாக்குமூலம் எழுதிவைத்தார்: என்னை எப்படி அடைத்தார்கள், எப்படி மிரட்டினார்கள், இதற்கெல்லாம் நான் மனமொப்பவில்லை என்று. அவருடைய வாரிசுகளான மார்ட்டிமர் குடும்பத்தின் பத்திரப் புத்தகத்தில் அதன் நகல் தங்கியது. அதை முதன்முதல் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 30 வயதுப் பெண், டெஸ்பென்சர் அதிகாரத்தின் உச்சியில் இருக்கும்போது, ஒருநாள் உதவும் என்று எழுதிப் பூட்டி வைக்கிறார். ஆறே மாதத்தில் டெஸ்பென்சர் ஹெர்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு அஸ்க் திரும்பிவந்தது.

ஆகவே பெண் தன் சொந்த நிலத்தைக் கொடுத்ததாக ஒரு பத்திரம் கிடைத்தால், அடுத்த பத்து ஆண்டில் மனு, வழக்கு, வாக்குமூலம் ஏதாவது இருக்கிறதா என்று தேடாமல் நோட்டை மூடாதீர்கள். கணவர் விற்றுவிட்ட மனைவியின் நிலத்தை மீட்க விதவைகளுக்கென்றே ஒரு ரிட் இருந்தது. 'அவர் உயிரோடு இருந்தபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை' என்பதுதான் அதன் சாரம்.

கடைசி ஆவணம்

டாமரிக்குப் பிறகு எலிசபெத் மறுமணம் செய்யவில்லை. 38 ஆண்டு கிளேர் சீமாட்டியாகவே வாழ்ந்தார். 1343இல் இனி மணப்பதில்லை என்று கற்பு நோன்பு ஏற்றார். பக்தி மட்டுமல்ல, நிலத்துக்கும் அது காவல் என்பது என் எண்ணம். இந்தக் காலத்துக்கு அவருடைய வீட்டுக் கணக்குச் சுருள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன; அது தனிக் கட்டுரைக்கு ஆகும்.

1360 நவம்பர் 4இல் இறந்தார். இப்போது உயிலையும் இறப்பு விசாரணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1355இல் எழுதிய உயிலில் டாமரி வழி மகள், பார்டால்ஃப் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், இருக்கிறார், கிளேர் கல்லூரி இருக்கிறது, வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பரம்பரை நிலம் இல்லை. உயில் பாத்திரம் பண்டம், துணிமணி, ரொக்கத்துக்கு. பரம்பரை நிலம் சட்டப்படி தானே போகும். உயிலில் நிலத்தைக் காணோமே என்று தேடாதீர்கள்.

நிலம் யாருக்கு? மகன் வில்லியம் 1333இல் கேரிக்ஃபெர்கஸ் அருகே கொலையானார். அவருடைய ஒரே மகளுக்கு அப்போது வயது ஒன்று நிறையவில்லை. அந்த நான்காவது விதி இங்கேதான் வருகிறது. வில்லியத்தின் மகள் தன் அப்பாவின் இடத்தில் நின்றார். கிளேர் நிலம் முழுவதும் பேத்திக்கு. அத்தை குடும்பங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. இசபெல்லாவின் பிள்ளைகளுக்கு வெர்டன் பங்கு, அது அவர்கள் தாத்தா வழி. அஸ்க், கிளேர், டார்செட் எல்லாம் என் நோட்டில் சிவப்பு; பேத்தியிடம் போயின. வெர்டன் விதவைப் பங்கு பச்சை. வெர்டன் மகள்களின் வழிக்குத் திரும்பியது. நிறத்தைச் சரியாகப் போட்டிருந்தால் இந்தக் கடைசிப் பக்கம் தானாகவே எழுதிக்கொள்ளும். எங்காவது இடித்தால் அந்த ஊருக்கு நிறம் தவறு. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

பேத்தியின் கணவர் லயனல், மூன்றாம் எட்வர்டின் மகன். 1362இல் அவருக்குக் கிடைத்த கிளாரன்ஸ் என்ற பட்டம் கிளேர் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் மகள் பிலிப்பா மார்ட்டிமர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அங்கிருந்து நிலம் யார்க் குடும்பத்துக்கு. 1461இல் அந்தக் குடும்பத்து நான்காம் எட்வர்ட் மன்னரானபோதுதான் கிளேர் கோட்டை மன்னர் வீடானது. என் மகளிடம் அன்று நான் சொன்ன பதில் அந்த ஆண்டிலிருந்துதான் சரி. அவளுக்கு இப்போது பதின்மூன்று. நோட்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

அடுத்து நீங்களே முயன்று பார்க்க ஒருவர் வேண்டுமென்றால் மார்கரெட்டை எடுங்கள். முதல் கணவர் பியர்ஸ் கேவஸ்டன், அடுத்து ஹியூ ஆட்லி. ஆட்லி வழி மகளை 1336இல் ரால்ஃப் ஸ்டாஃபோர்ட் கொண்டுபோய் மணந்துகொண்டார். பேட்டன்ட் ரோல்ஸில் அந்த ஆண்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.